மனத்துக்கு ஒரு வேலை

பக்தி வழியில் காலெடுத்து வைக்கிறவர்களில் பலர் சில வாரங்களிலேயே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். விளக்கேற்றி உட்கார்கிறார்கள், நாமத்தைச் சொல்லத் தொடங்குகிறார்கள். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் வாய் நாமத்தில் இருக்கிறது, மனம் கட்டாத கரண்ட் பில்லில் இருக்கிறது. ‘மனசு நிற்கவில்லை, நமக்கெல்லாம் பக்தி வராது’ என்று எழுந்துவிடுகிறார்கள். சிலர் மறுநாளும் உட்காருகிறார்கள், ஆனால் குற்றவுணர்வோடு. அந்த முடிவு பிழையானது என்று காட்டுவதும், அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்று சொல்வதும்தான் இந்த அத்தியாயத்தின் வேலை. பக்தி யோகம் மனத்தை நிறுத்தச் சொல்லவில்லை. எதையாவது பற்றிக்கொண்டே இருக்கும் அதன் இயல்பை அப்படியே எடுத்துக்கொண்டு, அதற்கு ஓயாத ஒரு வேலை கொடுக்கச் சொல்கிறது. ஒருமைப்பாடு அந்த வேலை நாளடைவில் தருவது. அது இல்லாதவன் உள்ளே வரக்கூடாது என்று இந்த மரபின் எந்தப் பெரியவரும் வாசலில் நின்று சொல்லவில்லை.

கீதையின் ஆறாம் அத்தியாயத்தைப் பாருங்கள். தியானத்துக்கு உட்காரும் முறையைக் கண்ணன் விளக்கி முடித்ததும் அர்ஜுனன் வைக்கும் புகார் இன்றைய சாதகனின் புகாரேதான்: மனம் ஓடுகிறது, முரண்டு பிடிக்கிறது, இதை வசப்படுத்த முடியும் என்ற நம்பிக்கை எனக்கில்லை. கண்ணன் அதை மறுக்கவில்லை. கடினம்தான் என்று ஒப்புக்கொண்டு, பயிற்சி, பற்றின்மை என்ற இரண்டை மட்டும் சொல்கிறான். அதற்குச் சற்று முன்பே, மனம் எந்தெந்தப் பக்கம் போகிறதோ அந்தந்தப் பக்கத்திலிருந்து அதைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லிவிட்டான். ஓடத்தான் செய்யும் என்று முன்கூட்டியே ஏற்றுக்கொண்ட அறிவுரை இது. பக்தி யோகம் என்றே பெயர் பெற்ற பன்னிரண்டாம் அத்தியாயம் இன்னும் ஒரு படி இறங்கி வருகிறது. 20 சுலோகங்களே கொண்ட அந்தச் சிறிய அத்தியாயத்தில் நான்கு நிலைகள் வரிசையாக வருகின்றன. மனத்தையும் புத்தியையும் என்னிடம் வை. அது இயலாவிட்டால் பயிற்சி செய். அதுவும் இயலாவிட்டால் எனக்காகச் செயல் செய். அதற்கும் வழியில்லையென்றால் செய்வதன் பலனையாவது விட்டுவிடு. மனத்தை நிறுத்தத் தெரியாதவனுக்கு அங்கே மூன்று மாற்று ஏற்பாடுகள் இருக்கின்றன. தகுதியில்லை என்று திருப்பியனுப்பும் ஏற்பாடு ஒன்றுகூட இல்லை.

மனம் என்று நாம் பொதுவாகச் சொல்வதைச் சைவ சித்தாந்தம் நான்காகப் பிரித்து வைத்திருக்கிறது. மனம் ஒன்றைப் பற்றும், புத்தி அது இன்னதென்று நிச்சயிக்கும், அகங்காரம் ‘நான்’ என்று எழும், சித்தம் சிந்திக்கும். நான்கும் சேர்ந்தது அந்தக்கரணம், அதாவது உள்ளே இருக்கும் கருவி. கருவி என்றால் அதைக் கையாளுபவன் வேறு. சாதகனுக்கு இது வெறும் தத்துவப் பட்டியலாகத் தோன்றலாம், ஆனால் நடைமுறையில் பெரிய உதவி. ஜபத்தின் நடுவே பழைய சண்டை ஒன்று நினைவுக்கு வந்தால், ‘நான் கெட்டவன்’ என்று தீர்ப்பெழுத வேண்டியதில்லை. சித்தம் தன்னிடம் இருந்ததை எடுத்துக் கொடுத்தது, மனம் அதைப் பற்றிக்கொண்டது, அவ்வளவுதான் நடந்தது. அந்தச் சண்டையில் நியாயம் என் பக்கம்தான் என்று வாதாடத் தொடங்கும்போதுதான் அகங்காரம் உள்ளே வருகிறது. எது எந்தக் கட்டத்தில் நுழைந்தது என்று பார்க்கப் பழகியவருக்குத் திரும்பி வருவது எளிது. எல்லாவற்றையும் மொத்தமாக ‘என் மனசு’ என்று கட்டிவைத்துத் திட்டுகிறவர், திட்டுவதிலேயே மீதி நேரத்தைச் செலவழித்துவிடுவார்.

இங்கே யோக நூல் படித்தவர்கள் ஓர் எதிர்ப்பை எழுப்புவார்கள். பதஞ்சலி யோகத்தை வரையறுப்பதே சித்தத்தின் அலைவுகள் அடங்குவது என்றுதானே, அலைவுக்கே வேலை கொடுப்பது எப்படி யோகமாகும் என்பது அவர்கள் கேள்வி. பதஞ்சலியையே முழுதாகப் படித்தால் பதில் கிடைக்கும். அடங்கிய நிலை முடிவில் வருவது. அதை அடைய அவர் சொல்லும் வழிகளில் ஒன்று ஈசுவரனிடம் தன்னை ஒப்படைப்பது. அதற்குத் துணையாகப் பிரணவத்தை ஜபிப்பதையும் அதன் பொருளை எண்ணுவதையும் சேர்க்கிறார். தீய எண்ணம் எழும்போது அதை மிதித்து அடக்கச் சொல்லாமல், எதிரான எண்ணத்தை வளர்க்கச் சொல்கிறார். எண்ணத்தை எண்ணத்தால் மாற்றுவதுதான் அவருடைய முறையும். இக்கால உளவியலிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. 1987ல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனை செய்தார்கள். வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று ஐந்து நிமிடம் தடை போட்டார்கள்; நினைவு வந்தால் மணியடிக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தடையை நீக்கி, இப்போது நினைக்கலாம் என்றதும், முதலிலிருந்தே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட இவர்கள் அதிகமாக நினைத்தார்கள். அதே ஆய்வின் இரண்டாம் பகுதிதான் நமக்கு முக்கியம். கரடி நினைவு வந்தால் ஒரு சிவப்பு நிறக் காரை நினைத்துக்கொள்ளுங்கள் என்று குறிப்பிட்ட ஒரு மாற்றைக் கொடுத்தபோது அந்த வேகம் தணிந்தது. துரத்தினால் வளர்வது, பதிலாக ஒன்றைக் கொடுத்தால் தளர்கிறது. ஒரு நாமத்தையும் ஓர் உருவத்தையும் நிலையாகக் கொடுத்த நம் முன்னோர், இதை ஆய்வுக்கூடம் இல்லாமலே தங்கள் உள்ளத்தில் கண்டறிந்திருக்கிறார்கள்.

தமிழ்ப் பக்தி இலக்கியம் மனத்தை நடத்தும் விதமே தனி. ஆழ்வார்களும் நாயன்மார்களும் தங்கள் நெஞ்சை முன்னால் உட்கார வைத்துப் பேசுகிறார்கள். நம்மாழ்வாரின் பெரிய திருவந்தாதி 87 பாட்டுகள் கொண்டது. அதில் மீண்டும் மீண்டும் அவர் தம் நெஞ்சை விளித்து உரையாடுகிறார். அந்தப் பேச்சில் கெஞ்சல் உண்டு, கண்டிப்பு உண்டு, கூட வந்ததற்காகப் பாராட்டும் உண்டு. அப்பர் தேவாரத்திலும் நெஞ்சுக்கு அறிவுரை சொல்லும் பாடல்கள் நிறையவே இருக்கின்றன. எதிரியோடு யாரும் இப்படிப் பேசமாட்டார்கள். உடன்பிறந்தவரோடு, அல்லது வழித்துணையோடு பேசும் பேச்சு இது. இதை நீங்கள் அப்படியே பயிற்சியாக எடுத்துக்கொள்ளலாம். உட்கார்ந்ததும் முதல் இரண்டு நிமிடம் நாமத்தைத் தொடங்காதீர்கள். ‘இன்றைக்கு இவ்வளவு அலைந்தாய், இப்போது அரை மணி நேரம் இவரோடு இருப்போம், வா’ என்று வீட்டில் பேசும் தமிழிலேயே மனத்திடம் சொல்லுங்கள். வாய்விட்டே சொல்லலாம், வெட்கம் வேண்டாம். எங்கிருந்தோ ஓடி வந்து மூச்சுவாங்கிக்கொண்டு நிற்கும் மனத்தின் கையில் உடனே ஜபமாலையைத் திணிப்பதால்தான் முதல் பத்து நிமிடம் வீணாகிறது.

மனத்துக்குக் கொடுக்கும் வேலை எப்படி இருக்க வேண்டும் என்பதற்குப் பெரிய புராணத்தில் சேக்கிழார் ஒரு முழுப் பாடமே வைத்திருக்கிறார். திருநின்றவூர்ப் பூசலார் சிவனுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டார், பொருள் தேடினார், கிடைக்கவில்லை, மனத்திலேயே கட்டினார். அதே காலத்தில் காஞ்சியில் பல்லவ அரசன் கற்றளி எழுப்பிக் குடமுழுக்குக்கு நாள் குறித்தான். முந்தின இரவு அரசன் கனவில் இறைவன் வந்து, நாளை நான் நின்றவூர் அன்பனின் கோயிலுக்குப் போகிறேன், உன் விழாவை வேறு நாளுக்கு மாற்றிக்கொள் என்றார். அரசன் நின்றவூர் போய்த் தேடினால் ஊரில் அப்படியொரு கோயிலே இல்லை. எல்லோரும் அறிந்த கதைதான். ஆனால் கதையின் முடிவில் மயங்கி நடுப்பகுதியை நாம் விட்டுவிடுகிறோம். பூசலார் கண்ணை மூடினார், கோயில் தோன்றிவிட்டது என்று சேக்கிழார் எழுதவில்லை. பொருள்களையும் வேலையாட்களையும் மனத்தில் திரட்டினார், ஆகம முறைப்படி நல்ல நாள் பார்த்து அடிக்கல் நாட்டினார், இரவும் உறங்காமல் நிலைநிலையாக எழுப்பினார், சிகரம் வைத்தார், சுதை பூசினார், கிணறு தோண்டினார், மதில் எடுத்தார், குளம் வெட்டினார். மனம் அலையாததற்குக் காரணம் அந்த வரிசையில் இருக்கிறது. அடுத்துச் செய்யவேண்டியது ஒன்று எப்போதும் காத்திருந்தது. மயிலாப்பூர் வாயிலார் நாயனாரும் இப்படித்தான் உள்ளத்தைக் கோயிலாக்கி, உணர்வை விளக்காக ஏற்றி, ஆனந்தத்தால் நீராட்டி, அன்பை அமுதாக வைத்துப் பூசித்தார் என்கிறது புராணம்.

ஆகவே மானச பூசை செய்ய விரும்புகிறவர்கள், உருவத்தை நினைத்துக்கொண்டு சும்மா உட்கார வேண்டாம். அசையாத படத்தை மனம் சில விநாடிகளுக்குமேல் தாங்காது. பூசையின் படிகளை வரிசையாகச் செய்யுங்கள். வாருங்கள் என்று அழைத்து, ஆசனமிட்டு, பாதத்துக்கு நீர் வார்த்து, நீராட்டி, துவட்டி, ஆடை சாத்தி, சந்தனம் பூசி, பூச்சூட்டி, தூபதீபம் காட்டி, நிவேதனம் வைத்து, வணங்கி முடியுங்கள். நீரின் குளிர்ச்சி, சந்தனத்தின் மணம், துணியின் நிறம் எல்லாம் இருக்கட்டும். ஐம்புலனுக்கும் பங்கு கொடுத்தால் மனம் வெளியே இரை தேடாது. நடுவில் மனம் போய்விட்டால் முதலிலிருந்து தொடங்காதீர்கள். கடைசியாக எந்தப் படியை முடித்தீர்களோ அதற்கு அடுத்த படியை எடுங்கள். சந்தனம் பூசும்போது போனதென்றால் பூவிலிருந்து தொடரலாம். திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்குகிறவர் அழைப்பையும் ஆசனத்தையும் தாண்டாமலே எழுந்துபோவார், பூசை முழுமையடைந்த நிறைவு அவருக்குக் கிடைக்காது. வரிசையுள்ள பூசையின் மிகப்பெரிய நன்மை, எங்கே விட்டோம் என்று அது காட்டிக்கொடுப்பது.

இதெல்லாம் கற்பனைதானே, கற்பனையில் நீராட்டினால் கடவுளுக்குப் போய்ச்சேருமா என்ற கேள்வி நியாயமானது. இதை மழுப்பக்கூடாது. மனத்தில் எழுப்பும் உருவமே இறைவனின் முழுமை என்று மரபு சொல்லவில்லை. வடிவம் கடந்தவன் அடியவர்க்கு அருள வடிவம் கொள்கிறான் என்பதே சைவமும் வைணவமும் கூறுவது. கேட்பவர் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கவேண்டும். நாளை நடக்கப்போகும் அவமானத்தைக் கற்பனை செய்து இன்றே வியர்க்கிறோம். நடக்காத உரையாடலில் கோபப்பட்டுக் கை நடுங்குகிறோம். கற்பனைக்கு உடலும் ஒழுக்கமும் கட்டுப்படுகின்றன என்பதை நாள் முழுதும் நிரூபித்துக்கொண்டே இருந்துவிட்டு, பூசையில் மட்டும் அது வலுவற்றது என்பது சரியான வாதமாகாது. இந்தக் கற்பனை உண்மையை நோக்கி நடத்துகிறதா என்பதற்கு ஒரு சோதனை உண்டு. பூசை முடித்து எழுந்தவரின் பேச்சில், வீட்டாரை நடத்தும் விதத்தில், மன்னிக்கும் வேகத்தில் மாதங்கள் போகப்போக ஏதாவது மாறுகிறதா? மாறவில்லையென்றால் பூசை இன்னும் வேர்விடவில்லை என்று பொருள்.

ஜபத்துக்கு வருவோம். உரக்கச் சொல்வது, உதடு மட்டும் அசைய மெல்லச் சொல்வது, மனத்துக்குள் சொல்வது என்று மூன்று வகை. மனத்துக்குள் சொல்வதே உயர்ந்தது என்று மனுஸ்மிருதி தொடங்கிப் பல நூல்கள் சொல்கின்றன. திருவண்ணாமலை ரமணர், முருகனாரின் வேண்டுகோளுக்காக 1927ல் தமிழில் இயற்றிய உபதேச உந்தியாரும் இதே ஏறுவரிசையைத்தான் வைக்கிறது. அதன் முப்பதே பாடல்களில் உடலால் பூசை, வாக்கால் ஜபம், மனத்தால் தியானம் என்று படிகள் அமைகின்றன. இந்த வரிசையைப் படித்தவர்கள் செய்யும் தவறு, உயர்ந்ததிலிருந்தே தொடங்குவது. மனத்தில் மட்டும் ஜபித்தால் காதுக்கும் நாக்குக்கும் வேலையில்லை. பிடிமானம் முழுவதும் மனத்தின் கையில். பழகாத மனம் நழுவினாலும், நழுவியதைச் சொல்ல ஒன்றுமில்லை. பாகவதத்தில் பிரகலாதன் பக்தியின் ஒன்பது வகைகளைச் சொல்லும்போது கேட்டலும் பாடலும் முதலில் வருகின்றன, நினைத்தல் மூன்றாவதாக வருகிறது. விருந்தாவனத்து வைணவ ஆசிரியர் விசுவநாத சக்கரவர்த்தி தம் மாதுர்ய காதம்பினி என்ற நூலில், பாடும்போது வரும் தூக்கத்தைவிடக் கேட்கும்போது அதிகம், கேட்கும்போது வருவதைவிட நினைக்கும்போது இன்னும் அதிகம் என்று குறிக்கிறார். அனுபவமுள்ள ஆசிரியரின் கவனிப்பு இது. இதிலிருந்து ஒரு விதி செய்துகொள்ளலாம்: மனம் தளரும்போது ஒரு படி கீழே இறங்குங்கள். மனத்துக்குள் சொல்வது கலைந்தால் உதட்டுக்கு வாருங்கள். உதடும் கலைந்தால் காதில் விழும்படி சொல்லுங்கள். அதுவும் நிற்கவில்லையென்றால் எழுந்து நின்று ஒரு பதிகமோ பாசுரமோ பாடுங்கள். இறங்குவதில் தாழ்வில்லை. சில நிமிடத்தில் தானாகவே மேலே ஏறிவிடும்.

மாலை வைத்து எண்ணுவதை வெறும் கணக்கு என்று சிலர் இளக்காரமாகப் பார்க்கிறார்கள். 108 மணிகளில் விரல் நகர்வது கைக்கு ஒரு வேலை, அலைந்ததைக் காட்டும் அடையாளம், எப்போது எழலாம் என்ற பேரத்துக்கு முற்றுப்புள்ளி. கௌடிய வைணவத்தின் இன்றைய உலகளாவிய கிளையில் தீட்சை பெற்றவர்கள் நாளொன்றுக்கு 16 சுற்று, அதாவது 1,728 முறை ‘ஹரே கிருஷ்ண’ மகாமந்திரம் சொல்கிறார்கள். அந்த எண்ணிக்கையைத் தொடக்கத்திலேயே எடுத்துக்கொள்ளும்படி நான் யாருக்கும் சொல்லமாட்டேன். தவறாமல் செய்யக்கூடிய சிறிய எண் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், அதைக் காய்ச்சல் நாளிலும் விடாதீர்கள். நீண்ட காலம், இடைவிடாமல், மதிப்போடு என்று பயிற்சிக்குப் பதஞ்சலி வைக்கும் மூன்று அளவைகளில் எண்ணிக்கை இல்லை. மூச்சைப் பற்றியும் ஒரு சொல். 2001ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான இத்தாலிய ஆய்வு ஒன்றில், 23 பேர் கத்தோலிக்க ஜெபமாலையையும் திபெத்திய மந்திரம் ஒன்றையும் சொன்னபோது, இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாகக் குறைந்து இதயத்தின் சீர்நிலையும் மேம்பட்டது. இது பக்தியின் அளவுகோல் அல்ல, உடல் அமைதியடைவதற்கான விளக்கம் மட்டுமே. ஆனால் மூச்சும் மனமும் ஒரே மூலத்திலிருந்து கிளைப்பவை என்ற ரமணரின் கூற்றை வைத்துப் பார்க்கும்போது, அவசரமாகச் சொல்லி எண்ணிக்கையை முடிப்பதால் எதை இழக்கிறோம் என்பது விளங்கும். மூச்சு விடும்போது நாமம் முழுதாக முடியட்டும்.

மனமில்லாத ஜபம் கிளிப்பேச்சு என்ற குற்றச்சாட்டு நம் மரபுக்குள்ளேயே பலமாக எழுந்தது. சிவவாக்கியர் போன்ற சித்தர்கள் உள்ளீடற்ற சடங்கைக் கடுமையாகச் சாடினார்கள். அந்தச் சாடல் சரியானதே. ஆனால் அது யாரைச் சாடுகிறது என்று பிரித்துப் பார்க்கவேண்டும். மனம் போவது வேறு, போன மனத்தோடு ஒத்துப்போவது வேறு. ஹார்வர்டில் 2,250 பேரிடம் நாளின் பல நேரங்களில் கேட்டுப் பார்த்த 2010ம் ஆண்டு ஆய்வில், விழித்திருக்கும் நேரத்தில் ஏறக்குறைய 47 சதவீதம் மனம் கையிலிருக்கும் வேலையில் இல்லை என்று தெரியவந்தது. அதாவது அலைவது மனத்தின் அன்றாட நிலை. தெரியாமல் போனதற்கு யாரும் பொறுப்பாளி இல்லை. போயிருக்கிறோம் என்று தெரிந்த அந்தக் கணத்தில் உங்கள் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. நாமத்துக்குத் திரும்புவது ஒன்று. ‘இந்தக் கணக்கை முடித்துவிட்டு வருகிறேன்’ என்று அங்கேயே தங்குவது இன்னொன்று. சித்தர்களின் சாட்டை இரண்டாவதற்கு உரியது. முதலாவதுதான் பயிற்சி. அரை மணி நேரத்தில் ஐம்பது முறை போய் ஐம்பது முறையும் திரும்பியவர், ஐம்பது முறை இறைவனைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். ஒருமுறையும் அலையாமல் உட்கார்ந்திருந்தவருக்கு அந்தத் தேர்வே வாய்க்கவில்லை என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அது மிகை. அவருக்கும் இப்படித் திரும்பித் திரும்பித்தான் அந்த நிலை வந்திருக்கும். இராமானுசர் ஸ்ரீபாஷ்யத்தில் எண்ணெய் ஒழுக்கு அறாமல் விழுவதுபோன்ற இடையறாத நினைவையே பக்தியாகக் காட்டுகிறார். இடையறுந்த நினைவை மறுபடி மறுபடி முடிச்சுப் போடுவதைத் தவிர அந்த ஒழுக்குக்கு வேறு குறுக்கு வழி கிடையாது.

அதே இராமானுசர் பக்திக்குத் துணையாக ஏழு சாதனங்களைப் பழைய உரைகாரர் ஒருவரை ஒட்டி எடுத்துரைக்கிறார். உணவுத் தூய்மை, ஆசையில் சிக்காமை, பயிற்சி, கடமைகளைச் செய்தல், வாய்மை தயை போன்ற நற்குணங்கள் என ஐந்தும் நாம் எதிர்பார்ப்பவை. கடைசி இரண்டை நம் காலத்தில் யாரும் பேசுவதில்லை: அனவசாதம், அனுத்தர்ஷம். சோர்ந்து துவளாமை முதலாவது. மகிழ்ச்சியில் மிதமிஞ்சித் துள்ளாமை இரண்டாவது. சோர்வைத் தடையென்று சொல்ல எல்லோருக்கும் தெரியும், துள்ளலையும் தடையாக வைத்ததில்தான் அவருடைய கூர்மை இருக்கிறது. ஒருநாள் பாடும்போது கண்ணீர் வந்துவிட்டால், மறுநாள் மனம் நாமத்தைத் தேடாது, நேற்றைய கண்ணீரைத் தேடும். அது வராதபோது பயிற்சியே பொய்யென்று தோன்றும். விசுவநாத சக்கரவர்த்தி இந்த நிலையற்ற காலத்தை ஆறு வகையாகப் பிரித்திருக்கிறார். எல்லாம் கைவந்துவிட்டதாக எண்ணும் தொடக்க உற்சாகம், ஒருநாள் திண்மை ஒருநாள் தளர்ச்சி, இல்லறத்தில் இருப்பதா துறப்பதா என்ற முடிவில்லாத யோசனை, புலனின்பத்தோடு போராட்டம், எடுத்த நியமத்தைக் காக்க முடியாமை, பக்தியால் வரும் மதிப்பிலும் புகழிலும் மனம் மிதத்தல். இதைப் படிக்கும் யாரும் தாம் நிற்கும் இடத்தை அதில் கண்டுகொள்வார்கள். பல நூறு ஆண்டு மரபில் வந்த ஆசிரியர்கள் இவற்றைப் பெயரிட்டு வைத்திருக்கிறார்கள் என்றால், உங்களுக்கு வருவது தனிப்பட்ட கோளாறு அல்ல. ஆகவே அன்றைய ஜபம் நன்றாக இருந்ததா என்று அன்றைக்கே மதிப்பெண் போடும் பழக்கத்தை விடுங்கள். வறண்ட நாளில் எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள், நிறைந்த நாளில் கூட்டாதீர்கள். இரண்டு நாளும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் எழுங்கள்.

இவ்வளவு முயற்சி எதற்கு, சரணாகதி ஒன்றே போதுமே என்பது வைணவர்களிடமிருந்து வரும் எதிர்ப்பு. அருளால் கிடைப்பதை மனத்தைப் பழக்கிப் பெறமுடியும் என்று நினைப்பது அகங்காரம் என்பார்கள். அருளை விலைக்கு வாங்க முடியாது என்பதில் எனக்கும் கருத்து வேறுபாடில்லை. ஆனால் வேதாந்த தேசிகர் விளக்கும் சரணாகதியின் ஐந்து அங்கங்களை எண்ணிப் பாருங்கள். இறைவனுக்கு உகந்ததையே செய்வேன் என்ற உறுதி, உகவாததை விலக்குதல், அவன் காப்பான் என்ற மகாவிசுவாசம், காக்கவேண்டுமென்று வேண்டுதல், தனக்கு வேறு கதியில்லை என்ற எளிமை. உறுதி, விசுவாசம், எளிமை எல்லாம் மனத்தில்தான் நிகழவேண்டும். வைணவத்தின் இன்னொரு பிரிவான தென்கலையார் அந்த அங்கங்களைக்கூட உபாயமாக, அதாவது வழியாகக் கொள்ளமாட்டார்கள். இறைவன் காக்க வரும்போது விலக்காமல் இருப்பதே போதும் என்பார்கள். அப்படியே வைத்துக்கொண்டாலும், நாள் முழுதும் நாமே பார்த்துக்கொள்வோம் என்று முண்டிக்கொண்டிருக்கும் மனம், விலக்காமல் இருக்க எப்போது கற்றுக்கொள்ளும்? காலை அரை மணி நேரம் அந்த முண்டுதலை நிறுத்திப் பார்க்கும் இடம். அதை விலையாகக் கொடுத்து அருளைப் பெறலாம் என்று எண்ணினால்தான் தவறு.

அரை மணி நேரம் போக மீதி நாள் என்னாவது? அப்பர் பாடியதோடு நிற்கவில்லை, கோயில்தோறும் உழவாரம் ஏந்திப் புல் செதுக்கினார். கீதை மூன்றாம் படியாக வைத்த ‘எனக்காகச் செயல்’ இதுதான். உங்கள் நாளில் கைக்கு வேலையிருந்து வாய்க்கு வேலையில்லாத நேரங்கள் எவை என்று பாருங்கள்: காய் நறுக்குவது, துணி மடிப்பது, பேருந்துக்குக் காத்திருப்பது. அவற்றில் ஒன்றே ஒன்றை நாமத்துக்கென்று ஒதுக்குங்கள். எல்லா நேரத்தையும் ஒரேயடியாக ஒதுக்க முயன்றால் ஒரு வாரம்கூட ஓடாது. கணக்குப் பார்ப்பது, வண்டி ஓட்டுவது போன்ற முழுக் கவனம் வேண்டிய வேலைகளில் நாமம் வேண்டாம்; தொடங்குமுன் ஒருமுறை, முடித்தபின் ஒருமுறை போதும். வேலையை ஒழுங்காகச் செய்வதே அங்கே சமர்ப்பணம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும்: மனநோய்க்கு மருந்து எடுத்துக்கொள்பவர்கள் பக்தியைத் தொடங்கியதால் மருந்தை நிறுத்தக்கூடாது. அந்தக்கரணமும் கருவிதான், உடல் உறுப்பைப்போல அதுவும் பழுதுபடும், பழுதுக்கு வைத்தியம் வேண்டும். கடும் மனச்சோர்வில் இருப்பவருக்குக் கண்ணை மூடித் தனியே நெடுநேரம் உட்காருவது ஒத்துவராமல் போகலாம். அவர்கள் கண்ணைத் திறந்துவைத்து, நாலு பேரோடு சேர்ந்து பாடட்டும். துக்கம் நடந்த வீட்டில் முதல் சில மாதங்களுக்கும் இதுவே பொருந்தும்.

மனத்தின் வலிமையைப் பற்றி நம் பெரியவர்களுக்கு மிகையான நம்பிக்கை இருந்ததில்லை. பெரியாழ்வார் அரங்கனிடம், உயிர் பிரியும் நேரத்தில் உன்னை நினைக்க என்னால் ஆகாது, அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன் என்ற கருத்தில் ஒரு திருமொழியே பாடியிருக்கிறார். உடலும் மனமும் நலமாக இருக்கும் காலத்தில் என்னை நினைத்தவனை, அவன் கட்டையாய்க் கிடக்கும்போது நான் நினைக்கிறேன் என்று வராகப் பெருமாள் வாக்குக் கொடுத்ததாக வைணவர் போற்றுவதும் இதே இடத்தைத் தொடுகிறது. முதுமையில் பெயரும் முகமும் மறந்துபோன சிலருக்குச் சிறுவயதில் பாடிப் பழகிய பாட்டுகள் மட்டும் நினைவில் நிற்பதை, மறதிநோய் உள்ளவர்களைப் பராமரிப்போர் அறிவார்கள். ஆகவே ஜபத்தோடு கூடவே, உங்களுக்குப் பிடித்த நான்கைந்து பதிகங்களையோ பாசுரங்களையோ புத்தகம் பார்க்காமல் ராகத்தோடு பாடும் அளவுக்கு இப்போதே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். எவை என்று வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லிவையுங்கள். வாரத்தில் ஒருநாளாவது அவர்களோடு சேர்ந்து பாடுங்கள். உங்களால் தொடங்க முடியாத நாளில் முதல் அடியை எடுத்துக்கொடுக்க அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.